புறக்கோட்டையில் பொலித்தீன் பை வாங்கப் போகும் முன்: வீட்டில் பலகாரம் செய்து விற்கத் தொடங்குபவர்களுக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினியில் மாமியும் நானும் முறுக்கு, பகோடா, மிளகாய்த்தூள், குரக்கன் மா என்று செய்து பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியபோது, முறுக்கு பதமாக வருமா, விலை போகுமா என்பதைப் பற்றித்தான் கவலைப்பட்டோம். பையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. மொத்தக் கடைகள் உள்ள புறக்கோட்டைக்குப் போனால் கிலோக் கணக்கில் கிடைக்கும், வாங்கி வந்து கட்ட வேண்டியதுதானே என்று இருந்துவிட்டோம். முதல் தடவை வாங்கிய பையில் முறுக்கு ஒன்பதாம் நாளே நமத்துப்போய், ஒரு கடையில் வைத்த 40 பைக்கற்றில் 31 திரும்பி வந்தது. இரண்டாம் தடவை வாங்கிய பை சீல் பிடிக்கவில்லை. மூன்றாம் தடவை பெயர் அச்சடிக்கக் கொடுத்தோம், தமிழ் எழுத்து உடைந்து வந்தது. ஆறு மாதம் உழைத்த லாபத்தில் பெரும்பகுதி பையிலேயே போனது.

இன்றைக்கு எங்கள் பைக்கற் கடையில் ஒரு மாதம் இருந்தாலும் திறந்தால் மொறுமொறுப்பாக இருக்கிறது. நடுவில் பட்டதையெல்லாம் நீங்களும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சொல்லியிருக்கும் ஒழுங்கிலேயே செய்யுங்கள். முக்கியமாக, 4ஆம் படி முடியாமல் கிலோக் கணக்கில் எதையும் வாங்கவே வாங்காதீர்கள்.

1. முதலில் பெயர்களைப் பழகிக்கொள்ளுங்கள்

கடையில் போய் "பொலித்தீன் பை வேணும்" என்று கேட்டால், அன்றைக்கு அவரிடம் எது கூடுதலாகக் கிடக்கிறதோ அதுதான் உங்கள் கைக்கு வரும். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லமாட்டேன், நாம் கேட்ட கேள்வி அப்படி. நாம் பொலித்தீன் என்று சொல்கிற பைகளில் உண்மையில் நாலைந்து வேறு வேறு பொருட்கள் இருக்கின்றன, ஒன்று செய்கிற வேலையை மற்றது செய்யாது.

எல்டிபிஈ (அடர்த்தி குறைந்த பொலித்தீன்) என்பது மெத்தென்ற பை. தொட்டால் வழுவழுப்பு, கசக்கினால் சத்தம் குறைவு, இழுத்தால் சூயிங்கம் மாதிரி நீளும், கொஞ்சம் மங்கலாகத் தெரியும். ஏறத்தாழ 110 பாகை செல்சியசில் உருகுவதால் சீல் சுலபமாகப் பிடிக்கும். ஈரத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் ஒட்சிசனையும் வாசனையையும் தடுக்காது, எண்ணெய் உள்ள பொருளைப் போட்டால் சில நாளில் பையின் வெளிப்பக்கமே பிசுபிசுக்கும்.

எச்டிபிஈ (அடர்த்தி கூடிய பொலித்தீன்) என்பது நாம் எல்லோரும் அறிந்த அந்தச் சலசலக்கும் பை. சிங்களத்தில் சிலிசிலி மல்ல என்று சொல்வார்களே, அதே சத்தம்தான் அடையாளம். பால் நிறமாக இருக்கும், மெல்லிதாக இருந்தாலும் பாரம் தாங்கும். உள்ளே இருப்பது தெரியாது என்பதால் பலகாரத்துக்கு உதவாது. நான் முதல் தடவை வாங்கி வந்தது இதைத்தான், அதுவும் மிக மெல்லிய ரகம்.

எல்எல்டிபிஈ என்று இன்னொன்று இருக்கிறது, பார்வைக்கு எல்டிபிஈ போலவே இருக்கும், ஆனால் குத்தினாலும் இழுத்தாலும் சட்டென்று கிழியாது. பெரும்பாலும் எல்டிபிஈயோடு கலந்தோ, பல அடுக்குப் பைகளின் உள் அடுக்காகவோ வரும்.

அப்புறம் பீபீ, அதாவது பொலிபுரொப்பிலீன். இது பொலித்தீனே இல்லை, ஆனால் கடையில் அதே றாக்கையில்தான் அடுக்கியிருப்பார்கள். கண்ணாடி மாதிரித் தெளிவு, கசக்கினால் மொறமொறவென்று சத்தம், ஓரத்தில் சிறு வெட்டு விழுந்தால் நேராகக் கிழிந்துகொண்டு போகும். உருக 160 பாகைக்கு மேல் வேண்டும், அதனால் சூடு தாங்கும். ஈரத்தடுப்பிலும் நல்லது. ஆனால் குளிரில் வெடிக்கும். இதன் இழுத்து நீட்டிய வகை பிஓபிபி. பெட்டிக்கடையில் தொங்கும் சிப்ஸ் பைக்கற்றுகளின் வெளி அடுக்கு பெரும்பாலும் அதுதான். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சாதாரண பிஓபிபி சீல் பிடிக்காது, சீல் பிடிக்கும் பூச்சோ அடுக்கோ உள்ளதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். என் இரண்டாம் தோல்வி இதனால்தான். 5 கிலோ வாங்கி வந்து, எங்கள் சீல் மெஷின்தான் பழுது என்று நினைத்து அதையும் திருத்தக் கொடுத்தோம்.

கடைசியாக லெமினேட் பைகள். பெட் என்கிற பொலியெஸ்டர் வெளியே, பொலித்தீன் உள்ளே என்று இரண்டு அடுக்கு, சிலவற்றில் நடுவில் வெள்ளி நிறப் பூச்சு. வெக்கியூம் அடிக்கும் பைகளில் வெளியே நைலோன், உள்ளே பொலித்தீன். விலை கூட, ஆனால் காற்றையும் வாசனையையும் உண்மையாகத் தடுப்பவை இவைதான்.

2. உங்கள் பொருளுக்கு எது என்று தீர்மானியுங்கள்

பை வாங்கும் முன் உங்களையே கேட்க வேண்டியது: என் பொருளைக் கெடுப்பது எது? ஈரமா, காற்றா, வெளிச்சமா, எண்ணெயா, குளிரா? இதற்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முறுக்கு, பகோடா, மிக்ஸர் எல்லாம் இரண்டு வழியில் கெடும். கொழும்பில் கடற்காற்றின் ஈரத்தைச் சொல்லத் தேவையில்லை, வெள்ளவத்தையில் உப்புச் சாடியே கட்டிபடும். அந்த ஈரம் உள்ளே போனால் நமத்துப்போகும். ஒட்சிசன் உள்ளே போனால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் விற்றுவிடுவோம் என்றால் தடித்த பீபீ பை போதும், பார்வைக்கும் அழகு. இரண்டு மாதம் கடையில் இருக்க வேண்டும் என்றால் லெமினேட் தவிர வேறு வழி இல்லை. பொரித்ததும் சூட்டோடு பையில் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, நாங்களும் செய்தோம். ஆவி உள்ளேயே நீராகி, நல்ல பையிலும் முறுக்கு பழுதாகும். முழுதாக ஆறிய பிறகுதான் பொதி செய்ய வேண்டும்.

மிளகாய்த்தூள், கறித்தூளுக்கு வாசனைதான் உயிர். எல்டிபிஈ பையில் போட்டு அலுமாரியில் வைத்துப் பாருங்கள், இரண்டு நாளில் அலுமாரி முழுக்க மணக்கும். அந்த மணமெல்லாம் தூளை விட்டுப் போன மணம். வெளிச்சத்தில் மிளகாய்த்தூளின் சிவப்பும் வெளுத்துப்போகும். ஆகவே தூளுக்கு லெமினேட் பை, முடிந்தால் வெள்ளிப் பூச்சு உள்ளது. கருவாட்டுக்கும் இதே கதைதான், மறுபக்கமாக: அதன் மணம் வெளியே போய்ப் பக்கத்துப் பொருளைக் கெடுக்கும், நைலோன் அடுக்குள்ள பைதான் அதை அடக்கும்.

அரிசி மா, குரக்கன் மா, ஒடியல் மா போன்றவற்றுக்கு 50 மைக்ரோன் (பையின் தடிப்பு அளவு, ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எல்டிபிஈ அல்லது பீபீ தாராளமாகப் போதும், இதற்குக் காசைக் கொட்டாதீர்கள். ரோல்ஸ், கட்லட் என்று உறைய வைத்து விற்பவர்கள் பீபீ பக்கம் போகவே வேண்டாம், டீப் பிரீசரில் வைத்து ஒருமுறை கீழே போட்டால் பை பொடியாக வெடிக்கும். எல்டிபிஈ, எல்எல்டிபிஈ இரண்டும் அந்தக் குளிரிலும் மெத்தென்றே இருக்கும். ஊறுகாய் போன்ற எண்ணெய்ப் பொருளுக்குப் போத்தல்தான் நல்லது. சுடச்சுடச் சோறு, சாம்பார் கட்டிக் கொடுப்பவர்கள் எல்டிபிஈ பையில் ஊற்றாதீர்கள், சோற்றுக்கு வாழையிலை இருக்கிறது, வாட்டிக் கட்டினால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

3. கேஜ், மைக்ரோன் கணக்கு

தடிப்பை எங்கள் கடைக்காரர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். 100 கேஜ் என்றால் 25 மைக்ரோன். 200 கேஜ் 50 மைக்ரோன், 300 கேஜ் 75 மைக்ரோன். கேஜை நாலால் பிரித்தால் மைக்ரோன் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பையின் ஒரு பக்கத்தை அளக்கிறாரா, இரண்டு பக்கத்தையும் சேர்த்து அளக்கிறாரா என்று கேளுங்கள். சேர்த்து 100 மைக்ரோன் என்றால் ஒரு பக்கம் 50 தான். ஆரம்பத்தில் எனக்கு இது தெரியாது. ஒரு தடவை நூறு மைக்ரோன் பை என்று பெருமையாக வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

தடிப்பை வீட்டுத் தராசிலேயே பிடித்துவிடலாம். ஒரு பையின் நிறை கிராமில் வர, நீளம் × அகலம் × 2 × தடிப்பு × அடர்த்தி. நீள அகலத்தைச் சென்றிமீற்றரில் போடுங்கள், தடிப்பையும் சென்றிமீற்றரில் போடுங்கள் (50 மைக்ரோன் என்றால் 0.005), அடர்த்தி எல்டிபிஈக்கு 0.92, பீபீக்கு 0.90. உதாரணத்துக்கு 8 அங்குலம் அகலம், 12 அங்குலம் நீளமுள்ள எல்டிபிஈ பையை எடுப்போம். 20.3 × 30.5 × 2 × 0.005 × 0.92, கிட்டத்தட்ட 5.7 கிராம் வரும். அப்படியென்றால் 100 பை 570 கிராம் இருக்க வேண்டும், கிலோவுக்கு 175 பை வர வேண்டும். நீங்கள் நிறுத்த 100 பை 456 கிராம்தான் இருக்கிறது என்றால் அது 50 மைக்ரோன் பை இல்லை, 40 தான்.

தனிப் பையை நிறுக்காதீர்கள், வீட்டுத் தராசு அதற்குச் சரிவராது. 50 அல்லது 100 பையாக வைத்து நிறுங்கள்.

விலைக்கும் இதே கணக்குத்தான். கிலோ 1,000 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மேலே சொன்ன பை ஒன்று 5 ரூபா 70 சதம். கிலோவில் வாங்கினால் மெல்லிய பைக்கு எண்ணிக்கை கூட வரும், அதனால் காசு நட்டம் இல்லை, தரம்தான் நட்டம். நூறு பை இவ்வளவு என்று எண்ணிக்கையில் விற்கும்போதுதான் மெல்லிய பையைத் தடித்த பையின் விலைக்குத் தள்ளிவிட வழி இருக்கிறது. எண்ணிக்கையில் வாங்கினால் நிறுத்துப் பார்க்காமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. கூட்டம் குறைந்த நேரத்தில் "நானா, ஒருக்கா தராசில வச்சுப் பாக்கட்டா" என்று பணிவாகக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. நல்ல வியாபாரி அவரே எடுத்து வைப்பார்.

இந்த மூலப்பொருள் எல்லாம் இறக்குமதிதான், டொலர் ஏறினால் அடுத்த வாரமே பை விலையும் ஏறும். ஆகவே யாரோ மூன்று மாதத்துக்கு முன் சொன்ன விலையை நம்பிப் பலகார விலையை நிர்ணயிக்காதீர்கள்.

4. மாதிரி வாங்கி நாலு வாரம் வைத்துப் பாருங்கள்

அவசரப்பட்டு நாங்கள் விட்ட படி இது. ஒவ்வொரு வகையிலும் 10 பை மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் சும்மாவே தருவார்கள், இல்லாவிட்டால் சிறு காசுதான். ஒவ்வொரு பையிலும் மாக்கரால் வகை, தடிப்பு, கடை, திகதி எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு எது எது என்று நினைவிருக்காது.

முதலில் மூக்கில் வைத்து மணந்து பாருங்கள். மீள்சுழற்சிப் பொருள் கலந்த பையில் ஒரு மண்ணெண்ணெய் போன்ற, பழைய பிளாஸ்டிக் வாடை இருக்கும், நிறமும் கொஞ்சம் சாம்பல் அல்லது மஞ்சள் அடிக்கும். உணவுக்கு அது கூடவே கூடாது. மலிவு என்று கடைக்காரர் தந்தாலும் குப்பைப் பைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வகையில் சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழை விரலால் தட்டி விடுங்கள். பொலித்தீனும் பீபீயும் மிதக்கும். பீவீசியும் பெட்டும் தாழும். நெருப்பு வைத்து மணந்து பார்க்கச் சொல்வார்கள், வேண்டாம். பீவீசி எரிந்தால் வரும் புகையில் ஐதரசன் குளோரைட் வாயு இருக்கிறது, குசினிக்குள் அதை மூச்சில் இழுக்கக்கூடாது.

அப்புறம் உண்மையான சோதனை. ஒரே நாள் சுட்ட முறுக்கை ஒரே அளவாக ஒவ்வொரு வகைப் பையிலும் போட்டு, சீல் பண்ணி (சீலர் பற்றி 8ஆம் படியைப் பாருங்கள்), ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இல்லை, கடை றாக்கை மாதிரித் திறந்த இடத்தில் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை நிறுங்கள். நிறை ஏறுகிறது என்றால் ஈரம் உள்ளே போகிறது, அவ்வளவுதான் விஷயம். எங்கள் சோதனையில் முதலில் வாங்கிய அந்த மெல்லிய சிலிசிலிப் பைதான் முதலில் ஏறியது, நாக்கு கண்டுபிடிக்க முன்னரே தராசு சொல்லிவிட்டது. வாரத்துக்கு ஒன்று திறந்து மணந்து, தின்று பாருங்கள். சிக்கு வாடையைத் தராசு காட்டாது.

நாலு வாரம் நீளமாகத்தான் தெரியும், அந்த நேரத்தில் கீழே உள்ள பத்திர வேலைகளைச் செய்யலாம்.

5. சட்டத்தில் நிற்கும் கோடுகள்

2017 செப்டெம்பர் 1 முதல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனைச் செய்வதும் விற்பதும் பாவிப்பதும் தடை. லெமினேட் செய்வதற்கும் மருந்து வேலைகளுக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதியோடு விலக்கு உண்டு. அதே நாளில்தான் பொலித்தீன் லன்ச் ஷீட், றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, எச்டிபிஈ மளிகைப் பை எல்லாம் தடையானது. ஆகவே மெல்லிதாக, மலிவாக ஒரு பழைய சரக்கை யாராவது நீட்டினால் கை வைக்காதீர்கள். பிடிபட்டால் பை உங்கள் கடையில்தான் இருக்கும்.

2021 மார்ச் 31 முதல் உணவும் மருந்தும் அல்லாத பொருட்களை 20 கிராம் அல்லது 20 மில்லிலீற்றர், அதற்குக் குறைவான சஷேயில் பொதி செய்யக்கூடாது. மிளகாய்த்தூள் உணவு என்பதால் இந்தத் தடைக்குள் வராது, ஆனால் பலகாரத்தோடு சேர்த்துச் சீயக்காய்த்தூள், சந்தனத்தூள் என்று சின்னப் பைக்கற் போட நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா சீயக்காய்த்தூளுக்கு 15 கிராம் பை 3 கிலோ வாங்கிய பிறகுதான் அறிந்தார்.

2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, தட்டு, கப், கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு இவற்றுக்கும் தடை, யோகட் கப்புக்கு மட்டும் விலக்கு. சாப்பாடும் விற்பவர்கள் இதைச் சேர்த்துப் பாருங்கள்.

நீங்களே கடை வைத்து விற்பதானால் இன்னொன்று: 2025 நவம்பர் 1 முதல் கைபிடி வைத்த ஷொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது, விலையைக் காட்சிக்கு வைத்து, பில்லிலும் போட வேண்டும். முறுக்கு உள்ளே இருக்கும் பொதிப் பைக்கு இது இல்லை, தூக்கிக்கொண்டு போகக் கொடுக்கிற பைக்குத்தான்.

6. பத்திரங்கள்

வீட்டு வியாபாரத்தைப் பதியாமல் அச்சடித்த பை அடிக்கப் போகாதீர்கள், பெயர் வேறொருவர் பதிந்திருந்தால் பை எல்லாம் வீண். தனியாள் வியாபாரத்தைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். கொழும்பு மாநகரத்துக்குள் இரண்டு பிரதேச செயலகம் இருக்கிறது, கொழும்பு ஒன்று, திம்பிரிகஸ்யாய ஒன்று. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆட்கள் திம்பிரிகஸ்யாயவுக்கு, கொட்டாஞ்சேனைப் பக்கத்தவர்கள் கொழும்புக்கு. மாறிப் போனால் ஒரு நாள் போய்விடும்.

நாங்கள் கொண்டுபோனவை: அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், வீட்டு உறுதி அல்லது வாடகை ஒப்பந்தத்தின் பிரதி, வாடகை வீடென்றால் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம். இந்தக் கடைசிக் கடிதத்துக்காகத்தான் நாங்கள் இரண்டு வாரம் அலைந்தோம், வீட்டுக்காரர் வெளிநாட்டில். முதலிலேயே கேட்டு வையுங்கள். உணவுப் பொருள் என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குசினியைப் பார்ப்பார், பை அடுக்கி வைக்கும் இடத்தையும் பார்ப்பார். பையைத் தரையில், கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள், மூடிய பெட்டியில் உயரத்தில் வையுங்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் மூன்று பிரதி எடுத்துப்போங்கள், கட்டணத்தை முதல் நாளே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

பை வாங்கும் கடையிடமிருந்தும் இரண்டு பத்திரம் தேவை. ஒன்று, வகை, தடிப்பு, அளவு மூன்றும் எழுதிய பில். எங்கள் முதல் பில்லில் "பேக் 10 கிலோ" என்று மட்டும் இருந்தது, அதைக் கொண்டுபோய் நாங்கள் எதை நிரூபிப்பது? திருப்பி எடுக்க மாட்டேன் என்றதும் பேசாமல் வந்தோம். இரண்டு, பை உணவுக்கு ஏற்றது என்று உற்பத்தியாளர் தரும் கடிதத்தின் பிரதி. சில்லறைக் கடையில் உடனே கிடைக்காது, கேட்டு வைத்தால் ஒரு வாரத்தில் எடுத்துத் தருவார்கள். தரமாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்பவரிடம் உணவுக்குப் பை வாங்காதீர்கள். சூப்பர் மார்க்கட்டில் வைக்க ஆசை இருந்தால் இந்தக் கடிதமும் பார்கோடும் கட்டாயம் கேட்பார்கள்; இலங்கைக்கான 479 என்று தொடங்கும் பார்கோடு இலக்கத்துக்கு இலங்கை வர்த்தக சம்மேளனத்தில் உள்ள ஜிஎஸ்1 பிரிவுக்குப் போக வேண்டும்.

7. புறக்கோட்டைக்குப் போகும் நாள்

காலி வீதியால் 100, 101 பஸ், அல்லது கரையோர ரயிலில் கோட்டை. பை வாங்கி வரும்போது பாரம் இருக்கும், 10 கிலோவுக்கு மேல் என்றால் திரும்புவதற்குத் த்ரீவீலர் காசையும் பை விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். போயா நாளிலும் ஞாயிறிலும் பெரும்பாலான மொத்தக் கடைகள் பூட்டு. வாரநாளில் காலை ஒன்பதரை, பத்து மணிக்குப் போனால் கடைக்காரர்களுக்கும் பேச நேரம் இருக்கும். மத்தியானம் போனால் பாரம் இழுக்கும் நாட்டாமைகளின் கைவண்டிக்கு விலகி விலகியே பொழுது போகும், யாரும் நின்று பதில் சொல்லமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும்.

முதல் பயணத்தில் காசு கட்டாதீர்கள், மூன்று கடையாவது ஏறி இறங்குங்கள். கேட்கிற மாதிரியும் இதுதான்: "பீபீ, தெளிவான ரகம், ஒரு பக்கம் 40 மைக்ரோன், ஆறுக்கு ஒன்பது, முறுக்குப் போட." பொருள், தடிப்பு, அளவு, பாவனை நான்கும் சொன்னால் கடைக்காரரின் முகமே மாறும், தெரிந்த ஆளோடு பேசுவது போலப் பேசத் தொடங்குவார். இந்த அளவு பை கிலோவுக்கு ஏறக்குறைய 400 வரும், வீட்டிலேயே கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

அளவு எடுக்கும்போது சீலுக்கு மேலே ஒன்றரை அங்குலம் விட்டு எடுங்கள். முறுக்கு நிரப்பிய பிறகு வாய் பத்தாமல், பெரிய பை தேடி மீண்டும் ஒரு நாள் போனது எனக்கு.

8. சீலர்

வீட்டு வேலைக்குக் கையால் அமுக்கும் சீலர் போதும். 8 அங்குலம், 12 அங்குலம் என்று வரும், 12 வாங்குங்கள், பிறகு பை பெரிதானால் மாற்றத் தேவையில்லை. சீல் கோடு 2 மில்லிமீற்றர் உள்ளதும் 5 மில்லிமீற்றர் உள்ளதும் கிடைக்கும், பலகாரத்துக்கு அகலமானதுதான் நம்பிக்கை. சூட்டுக் கம்பியும் மேலே ஒட்டும் டெஃப்லோன் பட்டியும் உதிரியாக இரண்டு சோடி சேர்த்து வாங்கிவிடுங்கள், தீபாவளிக்கு முதல் நாள்தான் அது எரியும்.

எல்டிபிஈக்குக் குறைந்த சூடு, பீபீக்குக் கூட. டயலை ஒவ்வொரு படியாக ஏற்றி, வெறும் பையில் பழகுங்கள். லைட் அணைந்த பிறகும் இரண்டு மூன்று விநாடி அமுக்கியபடியே வைத்திருங்கள், சீல் ஆறி இறுக வேண்டும். உடனே எடுத்தால் வாய் விலகும். சீல் பிடித்ததா என்று பார்க்க, பையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மெல்ல அழுத்துங்கள், குமிழி வந்தால் ஓட்டை.

தூள் வகைகளில் சீல் பிடிக்காததற்கு முக்கால்வாசிக் காரணம் மெஷின் இல்லை, பையின் வாயில் ஒட்டிய தூள். அகன்ற புனலால் போட்டு, வாயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு சீல் வையுங்கள்.

9. அச்சு: முதல் வருடம் ஸ்டிக்கர் போதும்

பையிலேயே அச்சடிப்பது அழகுதான், ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுச் சிலிண்டரோ தகடோ செய்ய வேண்டும், அதன் காசு முதலிலேயே போய்விடும், குறைந்தபட்ச ஓடரும் கிலோக் கணக்கில் பெரிதாக இருக்கும். எங்களுக்கு மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்ன இடத்தில் ஏழு வாரம் எடுத்தது, தைப்பொங்கல் சந்தை போய்விட்டது. வெறும் பை, அதில் ஸ்டிக்கர் என்று ஒரு வருடம் ஓட்டுங்கள். அளவு, பெயர், விலை எல்லாம் அதற்குள் இரண்டு முறையாவது மாறும்.

லேபலில் பொருளின் பெயர், தேறிய நிறை, சேர்மானங்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உங்கள் பெயர் முகவரி, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் வர வேண்டும். இவற்றைக் கேட்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும். பெயரையும் சேர்மானத்தையும் மூன்று மொழியிலும் போட்டுவிடுங்கள், பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது. காலாவதித் திகதியை அயல்வீட்டுப் பைக்கற்றைப் பார்த்துப் போடாதீர்கள், 4ஆம் படியில் நீங்கள் வைத்துப் பார்த்த நாட்களில் ஒரு வாரம் குறைத்துப் போடுங்கள்.

அச்சடிக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு எச்சரிக்கை. தமிழ் எழுத்து: நாங்கள் யூனிகோட்டில் தட்டெழுதிக் கொடுத்தோம், அங்கே பாமினி எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் எழுத்தும் இடம் மாறி, "மொறுமொறு" என்பது வாசிக்கவே முடியாமல் வந்தது. சரிபார்த்தவருக்குத் தமிழ் தெரியாது, நானும் போனில் சின்னப் படமாகப் பார்த்துச் சரி என்றேன். 20 கிலோ பை. எழுத்தைப் படமாக்கிய கோப்பாகவே கொடுங்கள், அச்சுக்கு முன் முழு அளவில் காகிதத்தில் எடுத்து, தமிழ் தெரிந்த இரண்டு பேர் எழுத்து எழுத்தாக வாசித்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் ஓட விடுங்கள். இரண்டாவது, சிலிண்டர் காசு கொடுத்தது நீங்கள் என்றால் அது உங்களுடையது என்று பில்லில் எழுதி வாங்குங்கள், அடுத்த முறை வேறு இடத்தில் அடிக்க அது தேவைப்படும். திகதியையும் விலையையும் ஒருபோதும் பையில் அச்சடிக்காதீர்கள், சின்ன முத்திரையால் குத்தலாம்.

10. மிஞ்சும் பையும் வெட்டுத் துண்டும்

வெட்டுத் துண்டுகளை எரிக்காதீர்கள், பிளாஸ்டிக்கை வெளியில் எரிப்பதும் 2017இலேயே தடை செய்யப்பட்டது. முக்கோணக் குறிக்குள் 2 என்றால் எச்டிபிஈ, 4 என்றால் எல்டிபிஈ, 5 என்றால் பீபீ. இவற்றை எண்ணெய் ஒட்டாமல் துடைத்துத் தனித்தனி உரப்பையில் சேர்த்து வைத்தால், மாநகரசபை ஆட்கள் பிளாஸ்டிக் எடுக்கும் நாளில் கொடுக்கலாம், நிறைய இருந்தால் பழைய சாமான் வாங்குபவர்களும் எடுப்பார்கள். லெமினேட் பையை இவற்றோடு கலக்காதீர்கள், இரண்டு பொருள் ஒட்டியிருப்பதால் அதைப் பிரித்து எடுக்க முடியாது, ஒரு கைப்பிடி கலந்தாலும் முழு உரப்பையையும் வேண்டாம் என்று விட்டுப்போவார்கள். அச்சுப் பிழைத்த எங்கள் 20 கிலோவை மா வகைகளை வீட்டில் சேமித்து வைக்க இன்னும் பாவித்துக்கொண்டிருக்கிறோம், இப்போதைக்கு 6 கிலோ மிச்சம் இருக்கிறது.